ஆமைக்கு எந்த ஆன்டிபயாடிக்? வாசகர்களின் கேள்விகளும் கால்நடை மருத்துவரின் பதில்களும்

ஆமை வளர்ப்போரிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைச் சுற்றியே அமைந்துள்ளன: நோயுற்ற ஆமைக்கு ஆபத்தில்லாத ஆன்டிபயாடிக் எது? மருந்தின் பெயரை மட்டும் எழுதி இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. உடலில் சூடும் நீர்ச்சத்தும் போதிய அளவில் உள்ள ஆமையின் உயிரைக் காக்கும் அதே மருந்து, குளிர்ந்தும் வறண்டும் கிடக்கும் ஆமையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடக்கூடும். ஆகவே மருந்துடன் சேர்த்து, அது செல்லும் உடலைப் பற்றியும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் சிவப்புக் காது ஆமை சில நாட்களாக ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்துகிறது. மூக்கில் குமிழி வருகிறது; இரையைத் தொடுவதில்லை. தொட்டித் தண்ணீரில் ஆன்டிபயாடிக் பொடியைக் கலந்தால் போதும் என்கிறார் வண்ண மீன் விற்பவர். என்ரோஃப்ளாக்சசின் ஊசி போடச் சொல்கிறார் ஆமை வளர்க்கும் நண்பர். எதைச் செய்வது?

பதில்: மருத்துவர் பார்க்கும் வரை இரண்டையுமே செய்ய வேண்டாம். நீங்கள் விவரிக்கும் அறிகுறிகள் நுரையீரல் அழற்சியைச் சுட்டுகின்றன. ஆமையின் நுரையீரல்கள் முதுகோட்டுக்கு நேர் கீழே இடமும் வலமுமாக இரண்டு மிதவைகளைப் போல அமைந்தவை. அவற்றில் ஒன்றில் சளியும் சீழும் சேர்ந்து காற்று குறையும்போது அந்தப் பக்கம் தண்ணீரில் தாழ்ந்துவிடுகிறது. பாலூட்டிகளுக்கு இருப்பது போன்ற தசையாலான உதரவிதானம் ஆமைக்கு இல்லை என்பதால், வலுவாக இருமிச் சளியை வெளியேற்ற அதனால் முடியாது. நமக்குச் சில நாட்களில் தீர்ந்துவிடும் நெஞ்சுச் சளி ஆமைக்கு வாரக்கணக்கில் நீடிப்பதற்கு இது முக்கியமான காரணம். அதே வேளையில், குடலில் வாயு சேர்ந்தாலும் ஆமை சாய்ந்து நீந்தும். அதற்கு ஆன்டிபயாடிக் தேவைப்படாமலே போகலாம். எனவே எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம். மேலிருந்து எடுக்கும் படம் மட்டும் போதாது. தலைப்பக்கத்திலிருந்து கிடைமட்டமாக எடுக்கும் படம்தான் இரண்டு நுரையீரல்களையும் அருகருகே ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

தண்ணீரில் கலக்கும் பொடியால் இந்த நோய்க்குப் பயன் கிடைக்காது. ஆமையின் தோல் வழியாகவும் ஓட்டின் வழியாகவும், நுரையீரலில் உள்ள கிருமியைக் கொல்லும் அளவுக்கு மருந்து இரத்தத்தில் ஏறுவதில்லை. ஃபில்டரில் குடியிருந்து அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாக்கள் மடிந்து தண்ணீர் கெட்டுவிடுவதும், தொட்டியில் எஞ்சும் கிருமிகள் அந்த மருந்தை எதிர்த்து வாழக் கற்றுக்கொள்வதும்தான் நடக்கும்.

உங்கள் நண்பர் சொன்ன என்ரோஃப்ளாக்சசின் தவறான மருந்து என்று சொல்ல மாட்டேன். ஆமைகளைத் தாக்கும் ஏரோமோனாஸ், சிட்ரோபாக்டர், க்ளெப்சியெல்லா போன்ற கிராம் நெகட்டிவ் (ஆய்வகச் சாயச் சோதனையால் பிரித்தறியப்படும் ஒரு வகை) பாக்டீரியாக்களில் பலவற்றை அது கொல்லும். ஆனால் அதன் ஊசி மருந்து கடுமையான காரத்தன்மை கொண்டது; தசையில் போட்ட இடத்தில் வலியும், சில நேரங்களில் திசு அழுகலும் கட்டியும் உண்டாகும். அதையே திரும்பத் திரும்பச் சிறிய ஆமையின் முன்னங்காலில் போடுவதை நான் விரும்புவதில்லை. செஃப்டாசிடிம் என்னும் மருந்தைப் பல மருத்துவர்கள் முதலில் தேர்ந்தெடுப்பதற்குக் காரணங்கள் உண்டு: சூடோமோனாஸ் உள்ளிட்ட கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களில் பலவற்றின் மீது அது வேலை செய்கிறது, ஊசி போட்ட இடத்தை அவ்வளவாகப் புண்ணாக்குவதில்லை, சிறுநீரகத்துக்கு விளையும் தீங்கும் ஒப்பீட்டளவில் குறைவு. எனினும் முதல் ஊசிக்கு முன்பே மூச்சுக்குழாயிலிருந்து மாதிரி எடுத்து, என்ன கிருமி, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று ஆய்வகத்தில் சோதிக்கக் கேளுங்கள். மருந்து தொடங்கிய பிறகு எடுக்கும் மாதிரியில் கிருமி வளராமலே போகலாம். அதை நம்பி நோய் இல்லை என்று முடிவு செய்யும் ஆபத்தும் உண்டு.

இன்றைக்கு வீட்டில் செய்ய வேண்டியது, சூட்டைச் சரிசெய்வதுதான். தண்ணீரை 26 முதல் 28 டிகிரி செல்சியஸிலும், வெயில் காயும் இடத்தை 32 முதல் 35 டிகிரியிலும் வைத்திருங்கள். கையை விட்டுப் பார்த்து மதிப்பிடாமல் தெர்மாமீட்டரால் அளந்துகொள்ளுங்கள். ஆமை தளர்ந்திருந்தால் தண்ணீரின் ஆழத்தை ஓட்டின் உயரத்துக்குக் குறைத்துவிடுங்கள், ஏனெனில் தலையைத் தூக்க இயலாத நீர் ஆமையும் மூழ்கி இறக்கும். கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கினால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: மருத்துவர் செஃப்டாசிடிம் ஊசியை மூன்று நாளுக்கு ஒருமுறைதான் போடுகிறார், அதுவும் முன்னங்காலில் மட்டுமே. எங்கள் நாய்க்குத் தினமும் இரண்டு வேளை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். ஆமைக்கு மருந்து போதாமல் போய்விடாதா?

பதில்: போதும். ஆமைக்கு 72 மணி நேரத்துக்கு ஒருமுறை, கிலோ எடைக்கு 20 மில்லிகிராம் என்பது இந்த மருந்துக்குப் பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் அளவு. பாலூட்டியின் உடல் சில மணி நேரத்தில் வெளியேற்றிவிடும் மருந்து, மெதுவாக இயங்கும் ஆமையின் உடலில் நாட்கணக்கில் தங்குகிறது. நாய்க்குரிய இடைவெளியில் போட்டால், முந்தைய மருந்து கழியும் முன்பே அடுத்தது சேர்ந்து நஞ்சாகலாம். அமிகாசின், ஜென்டாமைசின் போன்ற அமினோகிளைகோசைடு வகை மருந்துகளில் இந்தத் தவறு சிறுநீரகத்தையே பலி வாங்கும்.

உடல் சூடு முக்கியம் என்று மேலே எழுதியதன் பொருளும் இங்கேதான் விளங்கும். கோஃபர் நில ஆமைகளுக்கு அமிகாசின் கொடுத்து 20 டிகிரியிலும் 30 டிகிரியிலும் ஆய்வு செய்தபோது, குளிர்ச்சியில் இருந்த ஆமைகளின் உடலில் மருந்து ஏறத்தாழ இரு மடங்கு நேரம் தங்கியது. மருத்துவர் கணக்கிட்ட இடைவெளி, ஆமை சரியான சூட்டில் இருக்கும் என்ற நம்பிக்கையில் கணக்கிடப்பட்டது. இரவில் ஹீட்டரை அணைத்துவிட்டால் அந்தக் கணக்கு பிழையாகிவிடும். போதாக்குறைக்கு, ஆமையின் சொந்த நோய் எதிர்ப்பாற்றலும் குளிரில் மந்தமாகிவிடும். என் கருத்தில், சிகிச்சை தோற்பதற்கு மருந்தின் தேர்வைவிடக் குளிர்ந்த தொட்டியே அடிக்கடி காரணமாகிறது. இதே காரணத்தால் நோயுற்ற ஆமையைக் குளிர்கால உறக்கத்துக்கு விடவும் கூடாது.

முன்னங்காலுக்கு வருவோம். ஆமையின் உடலில் பின்னங்கால்களிலிருந்தும் வாலிலிருந்தும் திரும்பும் இரத்தத்தின் ஒரு பகுதி, இதயத்தை அடையும் முன் சிறுநீரகங்களின் வழியாகச் செல்லும் அமைப்பு இருக்கிறது. பின்னங்காலில் போட்ட மருந்து உடல் முழுவதும் பரவும் முன்பே அங்கே வெளியேற்றப்படலாம்; அல்லது சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யும் மருந்தாக இருந்தால் அடர்த்தி குறையாமலே அதைத் தாக்கலாம். சிவப்புக் காது ஆமைகளில் நடந்த ஆய்வில் இந்த வேறுபாடு கார்பெனிசிலினில் தெரிந்தது, ஜென்டாமைசினில் பெரிதாகத் தெரியவில்லை. அதாவது மருந்துக்கு மருந்து இது மாறுகிறது. எனினும் முன்னங்காலில் போடுவதால் இழப்பு ஏதும் இல்லை. பின்னங்காலில் போட்டால் சந்தேகம் மிஞ்சும். உங்கள் மருத்துவர் சரியாகத்தான் செய்கிறார்.

கேள்வி: ஆமையின் தலையில், கண்ணுக்குப் பின்னால் பட்டாணி அளவில் வீக்கம் இருக்கிறது. அறுவை செய்ய வேண்டும் என்கிறார் மருத்துவர். மருந்தாலேயே கரைக்க முடியாதா?

பதில்: முடியாது. அது பெரும்பாலும் நடுச்செவியில் உருவாகும் சீழ்க்கட்டி. நமக்கு உண்டாகும் சீழ் வடிந்து ஓடும் இயல்புடையது. ஊர்வனவற்றின் சீழ் பாலாடைக்கட்டி போல இறுகிவிடும். சீழைக் கரைக்கும் சில நொதிகள் அவற்றின் வெள்ளணுக்களில் குறைவாக இருப்பதே இதற்குக் காரணம். அந்தக் கட்டியைச் சுற்றித் தடித்த உறையும் வளர்ந்துவிடும். உள்ளே இரத்த ஓட்டம் கிடையாது, இரத்த ஓட்டம் இல்லாத இடத்துக்கு ஆன்டிபயாடிக் போய்ச் சேராது. மயக்க மருந்து கொடுத்துச் செவிப்பறையைத் திறந்து, கட்டியை முழுமையாக எடுத்து, குழியைக் கழுவுவதே சிகிச்சை. ஆன்டிபயாடிக் அதற்குத் துணையாக மட்டுமே வரும். வெறும் ஊசிகளால் வாரங்களைக் கடத்தினால், அந்த நாட்களில் கட்டி தாடை எலும்பை அரிக்கக்கூடும்.

இந்தக் கட்டிக்குப் பின்னால் பல நேரங்களில் வைட்டமின் ஏ குறைபாடு இருக்கிறது. அந்தச் சத்துக் குறைந்தால் செவியையும் மூச்சுப்பாதையையும் மூடியிருக்கும் மென்படலம் தடித்து உரிந்து, கிருமி குடியேற வழி ஏற்படுகிறது. காய்ந்த இறாலை மட்டுமே தின்று வளரும் ஆமைகளுக்கு இந்த ஆபத்து உண்டு. அதற்காக வைட்டமின் ஏ ஊசியை வாங்கிப் போட்டுவிடாதீர்கள். அளவு மீறினால் தோல் கொப்பளித்து உரிந்து, அந்தப் புண்களின் வழியே புதிய தொற்று நுழையும். அடர்பச்சைக் கீரைகள், காரட், தரமான ஆமைத் தீனி ஆகியவற்றால் மெல்லச் சரிசெய்வதே பாதுகாப்பானது.

கேள்வி: வயிற்றோட்டில் குழிப்புண் இருக்கிறது, துர்நாற்றமும் வீசுகிறது. களிம்பு மட்டும் தடவினால் போதுமா?

பதில்: புண் மேலோட்டமாக இருந்து, ஆமை சுறுசுறுப்பாக இரை எடுக்கிறது என்றால் களிம்பே போதுமானதாக இருக்கலாம். மருத்துவர் இறந்த திசுவைச் சுரண்டி எடுத்த பின், வெளிர் தேநீர் நிறத்துக்கு நீர்த்த போவிடோன் அயோடினால் கழுவி, சில்வர் சல்ஃபாடையசின் களிம்பைப் பூசி, சூடான உலர்ந்த இடத்தில் சில மணி நேரம் வைத்திருந்து, பிறகு சுத்தமான தண்ணீரில் விடலாம். வயிற்றோடு முழுவதும் செந்நிறம் படர்ந்தாலோ, கால்களில் தோல் புண்ணானாலோ, ஆமை சோர்ந்து கிடந்தாலோ, கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்று கருதியே நடக்க வேண்டும். சிட்ரோபாக்டர் முதலிய பாக்டீரியாக்களால் வரும் அந்த நிலையில் ஊசி மருந்து இல்லாமல் ஆமை பிழைப்பது கடினம்.

கேள்வி: வீட்டில் மனிதர்களுக்கான அமாக்சிசிலினும், நாய்க்கு வாங்கிய ஐவர்மெக்டினும் மீதம் இருக்கின்றன. அருகில் ஆமை பார்க்கும் மருத்துவர் இல்லை. எடைக்கு ஏற்பக் குறைத்துக் கொடுக்கலாமா?

பதில்: ஐவர்மெக்டினை எக்காரணத்தைக் கொண்டும் கொடுக்காதீர்கள். அது ஆன்டிபயாடிக் அல்ல, ஒட்டுண்ணி மருந்து. பல விலங்குகளில் பாதுகாப்பாகப் பயன்படும் அந்த மருந்து ஆமைகளின் மூளைக்குள் ஊடுருவி, உடலைத் தளர்வாதத்தில் வீழ்த்தி, மூச்சை நிறுத்திவிடும். செங்கால் நில ஆமைகளில் மிகச் சிறிய அளவே இந்த விளைவை உண்டாக்கியிருக்கிறது. நாய், பூனை மட்டுமே பார்த்துப் பழகிய மருத்துவரிடம் செல்ல நேர்ந்தால், இதை நீங்களே மரியாதையுடன் நினைவூட்டுங்கள். இதில் தயக்கம் வேண்டாம்.

அமாக்சிசிலின் அவ்வளவு கொடியதல்ல. ஆனால் ஆமைகளைத் தாக்கும் கிராம் நெகட்டிவ் கிருமிகளில் பல அதற்கு அடங்குவதில்லை. வாய்வழி கொடுத்தால் எவ்வளவு உறிஞ்சப்படும் என்பதும் நிச்சயமில்லை. நோய் முற்றிக்கொண்டிருக்கும்போது, மருந்து கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதி மட்டுமே அதனால் மிஞ்சும்.

எடைக் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 80 கிராம் எடையுள்ள ஆமைக் குஞ்சுக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற கணக்கில் தேவைப்படுவது 1.6 மில்லிகிராம் மருந்து. கரைத்த மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருந்தால், அது 0.016 மில்லி. மிகச் சிறிய இன்சுலின் சிரிஞ்சிலும் அதைத் திருத்தமாக அளக்க முடியாது என்பதால்தான் மருத்துவர்கள் மருந்தை மேலும் நீர்த்துப் போடுகிறார்கள். புள்ளி ஓர் இடம் தள்ளிப்போனால் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும். கிராம் துல்லியத்தில் எடை காட்டும் தராசு வாங்கி, வாரம் ஒருமுறை எடையைக் குறித்து வையுங்கள். அருகில் மருத்துவர் இல்லையென்றால், ஊர்வன சிகிச்சையில் அனுபவமுள்ள மருத்துவர் தொலைவிலிருந்து வழிகாட்ட, உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் பரிசோதித்து ஊசி போடலாம். இப்படி இருவர் சேர்ந்து செய்யும் சிகிச்சையில் இந்தக் குறிப்பேடு பெரிதும் உதவும்.

மருந்துக்கு முன் நீர்ச்சத்தைப் பாருங்கள். கண்கள் உள்வாங்கியிருந்தாலும், தோல் தளர்ந்து சுருங்கியிருந்தாலும், எச்சில் நூலாக இழுத்தாலும் உடல் வறண்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் அமிகாசின் போன்ற மருந்து செலுத்தப்பட்டால் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் மூட்டுகளிலும் உள்ளுறுப்புகளிலும் படிந்துவிடும். மருத்துவர் முதலில் திரவம் ஏற்றி, இரத்தத்தில் யூரிக் அமிலத்தை அளந்து பார்த்த பிறகே அத்தகைய மருந்தைத் தொடுவது முறை. வீட்டில், நில ஆமையைத் தினமும் இளஞ்சூடான நீரில் தாடைக்குக் கீழ் வரை சிறிது நேரம் வைத்திருக்கலாம். என்ரோஃப்ளாக்சசினை வாய்வழியாகக் கொடுக்க மருத்துவர் சொல்லியிருந்தால், அதே வேளையில் கணவாய் ஓட்டையோ கால்சியம் பொடியையோ கொடுக்காதீர்கள். கால்சியம் மருந்தைப் பற்றிக்கொண்டு குடலில் உறிஞ்சவிடாமல் செய்துவிடும்.

கேள்வி: எங்கள் நில ஆமைக்கு மூக்கு ஒழுகும் நோய் திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் குணமாக்கிய செஃப்டாசிடிம் இப்போது பலிக்கவில்லை. இதைவிட வலுவான மருந்து எது?

பதில்: மருந்தின் வலிமை இங்கே சிக்கல் இல்லை என்று நினைக்கிறேன். நில ஆமைகளின் மேல் மூச்சுப்பாதை நோய்க்கு மைக்கோபிளாஸ்மா என்னும் கிருமி ஒரு முக்கியக் காரணம். வட அமெரிக்கப் பாலைவன ஆமைகளை வாட்டிய அந்த நோய்க்கு மைக்கோபிளாஸ்மா அகாசிசையை என்ற இனமே காரணம் என்பது 1994இல் நிறுவப்பட்டது. இந்தக் கிருமிக்குச் செல் சுவர் கிடையாது. செஃப்டாசிடிமும் பென்சிலின் வகைகளும் செல் சுவரைக் குலைத்துக் கொல்பவை என்பதால், எவ்வளவு கொடுத்தாலும் அவற்றால் இதைத் தொட முடியாது. முதல் முறை கிடைத்த குணம், கூட வந்து சேர்ந்த வேறு பாக்டீரியாக்கள் அடங்கியதால் கிடைத்திருக்கலாம். டாக்சிசைக்ளின், கிளாரித்ரோமைசின், என்ரோஃப்ளாக்சசின் போன்றவை மைக்கோபிளாஸ்மாவின் மீது வேலை செய்யும். மூக்குநீரை எடுத்து, கிருமியின் மரபணுவைக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனை செய்யச் சொல்லுங்கள். ஹெர்பிஸ் வைரஸையும் சேர்த்துச் சோதிப்பது நல்லது, அது இருந்தால் ஆன்டிபயாடிக் அதைக் குணமாக்காது.

மைக்கோபிளாஸ்மா உடலை விட்டு முழுமையாக நீங்குவது அரிது. நோய் அடங்கிக் கிடந்து, குளிர், இடமாற்றம், நெரிசல் போன்ற நெருக்கடி வரும்போது தலைகாட்டும். ஆகவே மற்ற ஆமைகளிடமிருந்து இதை நிரந்தரமாகப் பிரித்து வையுங்கள். மேலும், தாவரம் உண்ணும் நில ஆமைகள் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களின் துணையோடுதான் நார்ச்சத்தைச் செரிக்கின்றன. வாய்வழி ஆன்டிபயாடிக் அவற்றையும் அழிக்கும் என்பதால், சிகிச்சைக் காலத்தில் எச்சம் இளகினாலோ, பசி குறைந்தாலோ உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

கேள்வி: இரண்டு ஊசிகளிலேயே ஆமை தேறி இரை எடுக்கிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். ஆமையின் நுரையீரல் தொற்றுக்குச் சிகிச்சை பெரும்பாலும் மூன்று வாரங்கள் முதல் ஆறு வாரங்கள் வரை நீளும். பசி திரும்புவது நல்ல அறிகுறி, ஆனால் சளி வெளியேறுவதற்கு வெகு நாட்களுக்கு முன்பே அது திரும்பிவிடும். நிறுத்தும் நாளை மறு எக்ஸ்ரேயும் மருத்துவரும் தீர்மானிக்கட்டும்.

கேள்வி: ஆமைகளிடமிருந்து சால்மோனெல்லா பரவும் என்று படித்தேன். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. ஆமைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து அந்தக் கிருமியை அகற்றிவிடலாமா?

பதில்: உங்கள் கவலை நியாயமானது, நீங்கள் எண்ணும் வழி பயன் தராது. சால்மோனெல்லா பல ஆமைகளின் குடலில் எந்த நோயும் தராமல் வாழ்கிறது. ஒரு நாள் அது எச்சத்தோடு வெளிவரும், இன்னொரு நாள் வெளிவராது. அதனால் ஒருமுறை எச்சத்தைச் சோதித்து இல்லை என்று வந்தாலும் அதை நம்ப முடியாது. குழந்தைகளுக்கு நோய் பரவியதை அடுத்து, அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளைச் செல்லப்பிராணிகளாக விற்பது 1975இல் தடை செய்யப்பட்டது. பிறகு அங்குள்ள ஆமைப் பண்ணைகளில் முட்டைகளை ஜென்டாமைசின் கரைசலில் நனைத்துக் கிருமியற்ற குஞ்சுகளை உருவாக்க முயன்றனர். சால்மோனெல்லா ஒழியவில்லை, ஜென்டாமைசினுக்கு அடங்காத சால்மோனெல்லா அந்தக் குஞ்சுகளில் காணப்பட்டது. நலமாக இருக்கும் ஆமைக்கு இதற்காக ஆன்டிபயாடிக் கொடுத்தால் உங்கள் வீட்டுத் தொட்டியிலும் அதுவே நடக்கலாம். பின்னர் குழந்தைக்கு நோய் வந்தால், மருத்துவர் தேர்ந்தெடுக்கக்கூடிய மருந்துகளின் எண்ணிக்கை குறைந்துவிடும்.

ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் ஆமை வளர்க்காமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. இப்போதைக்கு, குழந்தை பெரிதாகும் வரை பொறுப்பான உறவினர் ஒருவரிடம் ஆமையை ஒப்படைக்க முடியுமா என்று பாருங்கள். வெளியே குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள். அதுவரை தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாமல், கழிவறையில் ஊற்றிக் கழுவி, அந்த இடத்தைப் பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள். ஆமைக்கு மருந்து கொடுப்பவர் கையுறை அணிந்து, முடிந்ததும் சோப்பால் கை கழுவிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும்.